பிஸ்கட் டின் அண்ணன்

அவர் யார் வீட்டிலும் தேநீர் குடிக்க மாட்டார். கோப்பையை நீட்டினால் இரண்டு கைகளையும் கும்பிட்டு, "வேணாம்லா, வேலைக்குப் போகணும்" என்பார். மலேசியாவின் கிள்ளானில் நாங்கள் குடியிருந்த பதினான்கு மாடிக் கட்டடத்தில் இதை வைத்தே அவரைத் திமிர் பிடித்தவர் என்று முடிவு கட்டியிருந்தார்கள். காரணம் எனக்கே ஒரு வருடம் கழித்துத்தான் தெரிந்தது. துறைமுகத்தில் கப்பலிலிருந்து கொள்கலன்களை இறக்கும் பெரிய கிரேனை அவர் ஓட்டினார். ஓட்டுநரின் கண்ணாடிக் கூண்டு பத்து மாடி உயரத்தில் தொங்கும். ஏறிவிட்டால் நான்கு மணி நேரம் இறங்க முடியாது. அங்கே கழிப்பறை கிடையாது. அதனால் வேலை நாளில் காலையிலிருந்தே தண்ணீரை அளந்துதான் குடிப்பார். வாய் காயாமல் இருக்க, உப்பும் புளிப்புமாக மலாய்க் கடையில் அசாம் என்று விற்கும் ஒரு காய்ந்த பழத்தைக் கன்னத்தில் அடக்கிக்கொள்வார். கொட்டையைத் துப்பாமல் தீப்பெட்டியில் போட்டுக்கொள்வார். கூண்டில் வந்த பழக்கம் தரையிலும் போகவில்லை.

எங்கள் வீட்டுக்கு இரண்டு கதவு தள்ளி, அதே பதினோராம் மாடியில் இருந்தார். பார்த்தால் தலையாட்டுவோம், அவ்வளவுதான். நாங்கள் முதலில் பேசிக்கொண்டது ஒரு கிளினிக்கில்.

எண்பதுகளின் பிற்பகுதி. அப்போது நான் ஷா ஆலமில் ஓர் அலுவலகத்தில் குமாஸ்தா. மகளுக்கு ஒரு வயது. எனக்கு எதற்கும் பயம் வரும். முக்கியமாக ரத்த அழுத்தம். அன்று விடுமுறை. மதியம் நாற்காலியில் உட்கார்ந்து நாளிதழ் படித்துக்கொண்டிருந்தபோது தலை சுற்றியது. படகில் இருப்பதுபோல் ஒரு மெல்லிய அசைவு, வயிற்றில் ஒரு குமட்டல். அரை நிமிடத்தில் நின்றுவிட்டது. நான் சட்டையை மாட்டிக்கொண்டு கிளினிக்குக்கு ஓடினேன். அங்கே எங்கள் கட்டடத்து ஆட்கள் நான்கு பேர் எனக்கு முன்பே உட்கார்ந்திருந்தார்கள். நான்கு பேருக்கும் தலைச்சுற்று. டாக்டர் எட்டிப் பார்த்து, "எல்லாரும் ஒரே கடையில சாப்பிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனார்.

ஒன்பதாம் மாடி ஆன்டி சுவரில் சாய்ந்திருந்தார். கந்த சஷ்டி விரதத்தில் அன்று ஐந்தாம் நாள். "பாலும் பழமும்தான் தம்பி. அதான் முருகன் சோதிக்கிறாரு" என்றார்.

விரலில் கட்டு மாற்ற வந்திருந்த கிரேன்காரர் மட்டும் தலைச்சுற்றுக்காரர் அல்ல. அவர் ஒவ்வொருவரிடமும் போய், என்ன செய்கிறது என்று கேட்காமல், "எத்தனையாவது மாடி?" என்று கேட்டார். ஒன்பது, பதிமூன்று, பத்து, பன்னிரண்டு. நான் பதினொன்று. பிறகு, "எத்தன மணிக்கு?" என்றார். எல்லோருக்கும் இரண்டே முக்கால்.

"நமக்கு ஒன்னும் இல்லலா. கட்டடந்தான் ஆடியிருக்கு. சுமத்ரா பக்கம் பூமி அசைஞ்சிருக்கும்."

ஆன்டி நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்ப அது விரதத்தால இல்லையா? நான் பயந்துபோயி ரெண்டு துண்டு ரொட்டி தின்னுட்டேனே."

"முருகன் பார்த்துக்கிட்டுதான் இருந்திருப்பாரு ஆன்டி. அவரும் மலை மேலதானே இருக்காரு, அவருக்கும் ஆடியிருக்கும்."

அடுத்த நாள் நாளிதழின் உள்பக்கத்தில் சுமத்ராவில் நிலநடுக்கம் என்று ஐந்து வரிச் செய்தி இருந்தது. கீழ்த்தளத்தில் மளிகைக் கடை வைத்திருந்தவர் கடைசிவரை நம்பவில்லை. அவருக்கு எதுவும் ஆடவில்லை. "மேல உள்ளவங்களுக்கு மட்டும் சாமி வருது" என்று எங்களைக் கிண்டல் செய்துகொண்டிருந்தார்.

கிரேன்காரரிடம் ஒரு வாக்கியம் இருந்தது. எதற்கும் அதைச் சொல்வார். "மொதல்ல எது ஆடுதுன்னு பாக்கணும்." கிரேன் கற்றுக்கொள்ள வருபவர்கள் எல்லோரும் ஒரே தப்பைச் செய்வார்களாம். கீழே பெட்டி ஊசலாடினால் பதறிப்போய் எதிர்ப்பக்கம் இழுப்பார்கள். ஆட்டம் இரண்டு மடங்காகும். ஆடுவது பெட்டியா, கப்பலா, காற்றில் கிரேனேவா என்று ஒரு மூச்சு பார்க்க வேண்டும். பார்த்துவிட்டு, பெட்டி போகும் பக்கமே கொஞ்சம் கூடப் போக வேண்டும். தானாக அடங்கிவிடும்.

அவர் வீட்டுக் கூடத்தில், திரைச்சீலைக் கம்பியிலிருந்து ஒரு பெரிய இரும்பு நட்டு மீன்பிடி நரம்பில் தொங்கியது. அதற்கு நேர் கீழே தரை ஓட்டில் சிவப்பு பெயின்ட் புள்ளி. நட்டு புள்ளியை விட்டு நகர்ந்தால் எந்தத் திசை, எத்தனை விநாடி என்று தமிழ் நாட்காட்டியில், ராகு காலத்துக்குப் பக்கத்தில், பென்சிலால் குறிப்பார். அவர் மனைவியை நான் அக்கா என்பேன். கேலி அக்காவின் வாயிலேயே இருக்கும்.

"எங்க கல்யாணத்துல ஐயரு கெட்டிமேளம் கெட்டிமேளம்னு கத்துறாரு. இவரு தாலியைக் கையில வச்சிக்கிட்டு, மேல தோரணம் ஏன் ஆடுதுன்னு பாக்குறாரு. ஃபேன் காத்துலா. நான் குனிஞ்ச தலை குனிஞ்சபடியே இருக்கேன், கழுத்து வலிக்குது."

"காத்துதான்னு தெரிஞ்சப்புறந்தானே கட்டுனேன்" என்பார் அவர்.

இந்த நிதானம் எல்லோருக்கும் பிடிக்காது. என் மனைவிக்கு அறவே பிடிக்காது. மகளுக்கு இரண்டு வயதில் காய்ச்சல் ஏறி வலிப்பு வந்தது. நான் வேலையில் இருந்தேன். மனைவி ஓடிப்போய் அவர் கதவைத் தட்டியிருக்கிறாள். அவர் வந்தார், குழந்தையை ஒருக்களித்துப் படுக்க வைத்தார், பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். "பிள்ளைக்குக் கண்ணு சொருகுது, இந்த மனுஷன் மணி பாக்குறாரு" என்று அவள் பல வருடம் சொல்லிக்கொண்டிருந்தாள். வலிப்பு எத்தனை நிமிடம் நீடித்தது என்றுதான் டாக்டர் முதலில் கேட்டார். பதில் அவர் ஒருவரிடம்தான் இருந்தது என்பதை அவள் சொல்ல மாட்டாள்.

என்னைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் நடந்தது விளங்காது.

என் அப்பா கடைசிவரை சிவப்பு அடையாள அட்டையோடு இருந்தவர். குடியுரிமை இல்லாதவர்களுக்குத் தருவது. வேலை அனுமதிச் சீட்டு முடியும் மாதம் வந்தால் அவருக்குச் சோறு இறங்காது. காகிதம் இல்லாதவன் மனிதன் இல்லை என்று பார்த்து வளர்ந்தவன் நான். அப்படியிருந்தும் என் மகளின் பிறப்பைக் குறித்த நாளுக்குள் பதியத் தவறிவிட்டேன். எட்டு மாதம் அலைந்தேன். ஒருநாள் பதிவு அலுவலக முகப்பில் இருந்தவர், "பிள்ளை பிறந்ததுக்கு என்ன அத்தாட்சி?" என்று கேட்டார். பிள்ளை என் தோளில் இருந்தது. கடைசியில் பிறப்புப் பத்திரம் கையில் வந்த அன்று அதை ஒரு பழைய சதுர பிஸ்கட் டின்னில் வைத்தேன். எங்கள் அடையாள அட்டை நகல்கள், கல்யாணப் பதிவு, அப்பாவின் சிவப்பு அட்டை எல்லாம் அதில் இருந்தன. தீ பிடித்தால், வெள்ளம் வந்தால் முதலில் அந்த டின் என்று மனைவிக்கும் சொல்லி, எனக்கும் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

மகளுக்கு நான்கு வயது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். மனைவி எலக்ட்ரானிக் தொழிற்சாலையில் ஷிஃப்ட். மகள் அறையில் மெத்தையில் தூங்கினாள். நான் கூடத்தில் அந்த வாரத்துச் சட்டைகளை இஸ்திரி போட்டு, ஹேங்கரில் மாட்டி வரிசையாகத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தேன்.

சட்டைகள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்தன. பிறகு மறுபக்கம். அலமாரிச் சாவிக்கொத்து கிலுங்கியது. அலமாரிக் கதவு தானாகத் திறந்துகொண்டது. உள்ளே, என் கண்ணுக்கு நேராக, டின்.

நான் யோசித்தேன் என்று சொன்னால் பொய். டின்னை எடுத்தேன், ஓடினேன். அவ்வளவுதான். படிக்கட்டில் கூட்டம். இருட்டுக்குள் செருப்புச் சத்தம், யாரோ ஒரு தொலைக்காட்சியைத் தூக்கிக்கொண்டு முன்னால் மாட்டிக்கொண்டு நிற்கிறார், பின்னாலிருந்து எல்லோரும் திட்டுகிறார்கள். டின்னை மார்போடு அணைத்திருந்தேன். அதன் மூலை விலாவில் குத்திக்கொண்டிருந்தது. நான்காம் மாடித் திருப்பத்தில் யாருடைய பிள்ளையோ, "அப்பா, அப்பா" என்று அழுதது.

என் கால்கள் நின்றன. கையைப் பார்த்தேன்.

மேலே ஏற முயன்றேன். வருகிறவர்கள் தள்ளினார்கள். "பைத்தியமா, கீழ போலா" என்று ஒருவர் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். பிய்த்துக்கொண்டு ஏறினேன். ஆறாம் மாடி வந்தபோது கூட்டம் வற்றிவிட்டது. ஆட்டமும் நின்றிருந்தது. ஒரே ஒரு காலடிச் சத்தம் மட்டும் மேலிருந்து நிதானமாக வந்தது.

கிரேன்காரர் கைலியோடு வந்துகொண்டிருந்தார். அவர் தோளில் என் மகள். விழித்திருந்தாள். அழவில்லை. கன்னம் உப்பியிருந்தது, அசாம் பழம்.

"கதவு தொறந்து கெடந்துச்சு" என்றார்.

அவர் என் கையிலிருந்ததைப் பார்த்தார். பிறகு திருப்பத்து ஜன்னல் வழியே கீழே எட்டிப் பார்த்தார். வாகன நிறுத்தத்தில் கட்டடமே கூடியிருந்தது.

"டின்ன எங்கிட்ட குடு" என்றார்.

எனக்கு விளங்கவில்லை. இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன் என்று நினைக்கிறேன்.

"குடு தம்பி. பிள்ளைய வாங்கிக்க."

மாற்றிக்கொண்டோம். அவர் முன்னால் நடந்தார். வெளியே வெயிலில் வந்தபோது நான் பிள்ளையோடு வந்தேன், அவர் பிஸ்கட் டின்னோடு வந்தார்.

மளிகைக் கடைக்காரர்தான் முதலில் பார்த்தார். இந்த முறை அவரும் கடைக்கு வெளியே நின்றிருந்தார். "என்ன அண்ணே இது, உசுரு போற நேரத்துல பிஸ்கட்டா? தம்பியைப் பாருங்க, பிள்ளையைத் தூக்கிட்டு வருது."

எல்லோரும் சிரித்தார்கள். பயம் போனதும் வரும் சிரிப்பு, நிற்கவே இல்லை. தையல் இயந்திரத்தின் தலையைத் தூக்கி வந்தவர்கூடச் சிரித்தார்.

"பதினோரு மாடி எறங்குனா பசிக்காதா?" என்றார் அவர்.

மாலையில் மகளைத் தூக்கிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். அக்கா கடைக்குப் போயிருந்தார். நாளிதழில் சுற்றித் தயாராக வைத்திருந்த டின்னைக் கிரேன்காரர் என்னிடம் தந்தார். "அண்ணே" என்று ஆரம்பித்தேன். அவர் சுவரைக் காட்டினார்.

அங்கே ஒரு கடல் வரைபடம் ஒட்டியிருந்தது. புதிய பதிப்பு வந்ததும் கப்பலில் கழித்துக் கட்டியதை ஓர் அதிகாரி அவருக்குக் கொடுத்திருந்தார். சுமத்ராவின் மேற்குக் கரை. கடல் முழுக்க ஆழத்தைக் குறிக்கும் எண்கள். அன்று அவர் பேசியதுபோல் அதற்கு முன்னும் பின்னும் பேசி நான் கேட்டதில்லை.

"கரையிலேர்ந்து விரலை வச்சிக்கிட்டே வா. நூறு மீட்டர், முன்னூறு, ஆயிரம். இங்க பாரு, ஆறாயிரம் கிட்ட. நீளமா ஒரு பள்ளம், தீவு போற போக்குலயே போவுது. பூமி ஒரே பாறை இல்ல தம்பி, துண்டு துண்டா தட்டுங்க. இந்தியப் பக்கத்துக் கடல் தரை இருக்குல்ல, அது இந்த எடத்துல நம்ம தட்டுக்கு அடியில போவுது. நகம் வளர்ற வேகந்தான்."

"அப்ப தினமும் ஆடணுமே."

"போர்ட்ல கன்வேயர் பெல்ட் பாத்திருக்கியா? பெல்ட் ஓரத்துல ஒரு சாக்கு மாட்டிக்கிச்சுன்னா, பெல்ட் பாட்டுக்குப் போவும், சாக்கு வளைஞ்சுக்கிட்டே வரும். ஒரு நேரத்துல பட்டுன்னு விட்டுக்கும். அதான் இது. மேல இருக்கிற தட்டோட விளிம்பு மாட்டிக்கிட்டு வளையுது. நூறு வருசம்கூட வளையலாம். விட்டுச்சுன்னா நெலநடுக்கம். கீழ போன பாறையாலதான் அங்க மலையெல்லாம் எரிமலையா நிக்குது. நாம அந்த விளிம்புல இல்ல, தட்டுக்கு உள்ள தள்ளி இருக்கோம். நமக்கு வர்றது மிச்சம் மீதி."

"மளிகைக் கடைக்கு மட்டும் வராம நமக்கு ஏன் வருது?"

நட்டு தொங்கிய நரம்பைப் பாதியில் பிடித்தார். நட்டு வேகமாக ஆடியது. விட்டார், மெதுவாக ஆடியது. "குட்டைக் கயிறு வேகமா ஆடும், நீளக் கயிறு மெதுவா ஆடும். இவ்வளவு தூரம் வர்றதுக்குள்ள வேகமான ஆட்டமெல்லாம் செத்துப்போயிரும். மெதுவான ஆட்டந்தான் வந்து சேரும். அது உசரமான கட்டடத்தைத் தேடிப் புடிக்கும். கிள்ளான் வேற களிமண்ணு, இன்னும் கொஞ்சம் தூக்கிக் குடுக்கும். இன்னிக்கி நாப்பது செகண்டு. மேக்கேயிருந்து."

பிற்பாடு கலைக்களஞ்சியத்தில் தேடிப் படித்தேன். அவர் சொன்னதில் தப்பு இல்லை. ஆனால் அன்று அவர் பாடம் நடத்தவில்லை. மன்னிப்புக் கேட்கவோ நன்றி சொல்லவோ நான் வாயைத் திறந்தபோதெல்லாம் இன்னொரு எண்ணில் விரலை வைத்தார். என் மடியில் மகள், அவள் மடியில் நாளிதழ் சுற்றிய டின்.

அதன் பிறகு அவருக்குப் பெயர் பிஸ்கட் டின் அண்ணன். சிறுபிள்ளைகள்கூட அப்படித்தான் சொன்னார்கள். தீபாவளிக்கு யாரோ நிஜமாகவே ஒரு டின் பிஸ்கட் வாங்கி அவர் கதவில் மாட்டினார்கள். குடியிருப்பாளர் கூட்டத்தில் அவர் எதையாவது நிதானமாகப் பார்க்கச் சொன்னால், "உங்க நிதானம் எங்களுக்குத் தெரியும்லா" என்று உட்கார வைத்தார்கள். என் மனைவிக்கு இது வலிப்புக் கதையோடு சேர்ந்துகொண்டது. விருந்தாளி வந்தால் இரண்டையும் சேர்த்துச் சொல்வாள். "எங்க வீட்டுக்காரரு பயந்தாங்கொள்ளிதான். ஆனா அன்னிக்கிப் பிள்ளையைத் தூக்கிட்டுல்ல வந்தாரு" என்று முடிப்பாள். விருந்தாளி என்னைப் பார்ப்பார். நான் சிரிப்பேன். எட்டு வருடம் சிரித்தேன்.

இன்றைக்கும் வீட்டைப் பூட்டுமுன் ஆட்களை எண்ணுகிறேன். எண்ணிவிட்டு மறுபடி எண்ணுகிறேன்.

அவர் ஓய்வு பெற்று, சுங்கை பூலோவில் மகனுடைய தரைவீட்டுக்குக் குடிபோன அன்று லோரி வந்து நின்றது. நாங்கள் எல்லோரும் சாமான் இறக்க உதவினோம். மளிகைக் கடைக்காரர் கடையிலிருந்தே கேட்டார்: "பிஸ்கட் டின்ன மொதல்ல ஏத்தியாச்சா, அண்ணே?" என் மனைவியும் மகளும் லோரிப் பக்கத்தில் நின்று சிரித்தார்கள். மகளுக்கு அப்போது பன்னிரண்டு.

அக்கா ஒரு துணிப்பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு என் பக்கத்தில் நின்றார். "எங்க காகிதமெல்லாம் இந்தப் பையிலதான் தம்பி, கல்யாணம் ஆன நாள்லேர்ந்து" என்றார். குரலைத் தாழ்த்தவும் இல்லை, உயர்த்தவும் இல்லை. "எங்க வீட்டுல டின்னே கெடையாது."

அக்காவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. எட்டு வருடமும் அந்தக் கேலிக்கு அவரும் சேர்ந்து சிரித்திருந்தார்.

மேலே போனேன். காலியான கூடத்தில் கிரேன்காரர் வரைபடத்தைச் சுவரிலிருந்து உரித்துக்கொண்டிருந்தார். நட்டு இன்னும் தொங்கியது. என் வீட்டிலிருந்து ஒரு கோப்பை தேநீர் எடுத்துப்போனேன். வாங்கி, நின்றபடியே முழுவதும் குடித்தார். அவர் தேநீர் குடித்து அன்றுதான் பார்த்தேன்.

"அக்காவுக்குத் தெரிஞ்சிருக்கு, அண்ணே."

"அன்னிக்கே தெரியும். டின்ன நாளிதழ்ல சுத்துனது யாருன்னு நெனச்ச?"

"நான் சொல்லிடுறேன். கீழ எல்லாருக்கும் சொல்லிடுறேன்."

"கீழ உள்ளவங்களுக்கு என்ன. அவங்களுக்கு ஒரு டின்னு கதை போதும்." கோப்பையை ஜன்னல் விளிம்பில் வைத்தார். "பாப்பாவுக்குச் சொல்லு. பெரிசாயிடுச்சு. வேற யாராவது சொல்லித் தெரிஞ்சா நல்லா இருக்காது."

"என்னை வெறுத்துட்டா?"

அவர் அந்த வாக்கியத்தைச் சொல்வார் என்று நினைத்தேன். சொல்லவில்லை. தரையில் சிவப்புப் புள்ளியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "நான் உள்ள வந்தப்ப அது தூங்கிக்கிட்டு இருந்துச்சு, தம்பி. தூக்குனப்பதான் முழிச்சிச்சு. அதுக்குப் பயமே தெரியாது. அதையும் சேத்துச் சொல்லு."

லோரி போனது. அன்று மாலையே, சாப்பாட்டு மேசையில், இருவரிடமும் சொன்னேன். சட்டைகள் சாய்ந்ததிலிருந்து ஆறாம் மாடிவரை. என் மனைவி எழுந்து சமையலறைக்குள் போனாள். வெகுநேரம் குழாய்த் தண்ணீர் மட்டும் ஓடியது. பிறகு அங்கிருந்தே, "அவங்க புது வீட்டு நம்பர் இருக்கா?" என்று கேட்டாள்.

மகள் தட்டைத் தள்ளி வைத்தாள். "புளிப்பா ஏதோ வாயில இருந்துச்சு. படி படியா எறங்குனோம். அது கனவுன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "டின்னுல என்னப்பா இருந்துச்சு?" என்றாள்.

"உன்னோட சூராட் பெரானாக். அதான் மேல இருந்துச்சு."

எழுந்து அலமாரியைத் திறந்தாள். டின்னை மேசையில் வைத்து மூடியை நகத்தால் நெம்பினாள். தன் பிறப்புப் பத்திரத்தை எடுத்து, முத்திரை, தேதி, அப்பா பெயர் எல்லாம் ஒருமுறை படித்தாள். மடித்தாள். மூடியை மூடி டின்னை என் பக்கம் தள்ளினாள். காகிதத்தை மட்டும் தன் பள்ளிப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

"இது எங்கிட்ட இருக்கட்டும்ப்பா" என்றாள். "அடுத்த தடவை என்னை மட்டும் தூக்குனா போதும்."